லாரி டாஷ்போர்டில் எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 3 வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

மஞ்சள் விளக்கு எரிகிறது, திரையில் எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 3 என்று வருகிறது. எஸ்பிஎன் என்பது எதைப் பற்றிய புகார் என்று சொல்லும் எண், எஃப்எம்ஐ என்பது அதில் என்ன கோளாறு என்று சொல்லும் எண். தேடிப் பார்த்தால் எஸ்பிஎன் 110 என்பது இன்ஜின் கூலன்ட் வெப்பநிலை என்று தெரியவரும். அதற்குமேல் படிக்காமல், இன்ஜின் சூடாகிவிட்டது என்று ரேடியேட்டரைக் கழுவப் போகிறவர்கள் பாதி, நேராகப் போய் கூலன்ட் சென்சார் வாங்கி மாட்டுகிறவர்கள் மீதி. ஆனால் இந்த எண் இரண்டையும் கேட்கவில்லை. சென்சார் வயரில் வரும் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகம், அவ்வளவுதான் அது சொல்வது. சென்சார் நன்றாக இருந்து, கனெக்டருக்குள் ஒரு பின் பின்னால் தள்ளிப் போயிருந்தாலும் இதே எண்தான் வரும்.

வண்டியின் கம்ப்யூட்டருக்கு எந்தப் பாகம் கெட்டது என்று பெரும்பாலும் தெரியாது. எந்த சர்க்யூட்டில் எதைப் பார்த்தது என்றுதான் தெரியும். அதை எப்படிப் படிப்பது, படித்த பிறகு மல்டிமீட்டரை எங்கே வைப்பது என்பதை முதல் முறை பார்ப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஸ்கேனரை எடுக்கும் முன் விளக்கின் நிறம்

சிவப்பு ஸ்டாப் விளக்கு எரிந்தால் ஃபால்ட் கோடு (இந்த எஸ்பிஎன், எஃப்எம்ஐ எண்கள்) படிப்பதெல்லாம் அப்புறம். பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 1 என்றால் ஆயில் பிரஷர் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கிறது. "சென்சார்தான் போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினால் பேரிங் போய்விடும். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், அப்புறம் மற்றது. கூலன்ட் விஷயமாக இருந்தால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

மஞ்சள் விளக்கு என்றால் பொதுவாக நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது.

படி 2: இணைப்பது

பல வண்டிகளில் டாஷ்போர்டு மெனுவிலேயே கோடுகளைப் பார்க்கலாம். இல்லையென்றால் ஸ்கேனர் தேவை. கனரக வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு ஜே1939 என்று பெயர். அதற்கான வட்டமான 9 பின் சாக்கெட் வழக்கமாக டிரைவர் பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். கறுப்பு சாக்கெட் என்றால் நொடிக்கு 250 கிலோபிட் வேகம், பச்சை என்றால் 500. பச்சைக் கேபிள் இரண்டிலும் பொருந்தும், பழைய கறுப்புக் கேபிள் பச்சை சாக்கெட்டில் நுழையாது, அடித்து நுழைக்க முயல வேண்டாம். இன்னும் பழைய வண்டிகளில் 6 பின் சாக்கெட்டைப் பார்க்கலாம். அங்கே எஸ்பிஎன் இருக்காது, எம்ஐடி, பிஐடி, எஸ்ஐடி என்று வேறு எண்கள் வரும். காரில் இருப்பது போன்ற 16 பின் சாக்கெட் உள்ள லாரிகளும் உண்டு. அதைப் பார்த்ததும் கார் ஸ்கேனரைச் சொருகிவிடாதீர்கள், வண்டி 24 வோல்ட்டாக இருந்தால் 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த கருவி கருகிப்போக வாய்ப்பு உண்டு.

சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜின் ஓட வேண்டியதில்லை.

படி 3: எல்லாவற்றையும் எழுதி வைப்பது, எதையும் அழிக்காமல்

ஒவ்வொரு ஃபால்ட்டிலும் நான்கு விஷயங்கள் இருக்கும். எஸ்பிஎன் என்பது எதைப் பற்றி என்று சொல்லும்: 100 ஆயில் பிரஷர், 102 இன்டேக் மேனிஃபோல்டு பிரஷர், 97 டீசலில் தண்ணீர், 168 பேட்டரி வோல்டேஜ், 651 முதல் 656 வரை ஆறு சிலிண்டர்களின் இன்ஜெக்டர்கள். எஃப்எம்ஐ என்பது அதில் என்ன கோளாறு என்று சொல்லும், 0 முதல் 31 வரை. மூன்றாவது, எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கை. நான்காவது, எந்தக் கம்ப்யூட்டர் புகார் சொல்கிறது என்ற முகவரி: 0 என்றால் இன்ஜின், 3 கியர்பாக்ஸ், 11 பிரேக்.

கடைசி இரண்டையும் பலர் எழுதுவதே இல்லை. ஆனால் ஒரு முறை மட்டும் வந்து போன ஃபால்ட்டும் நாற்பது முறை வந்து போன ஃபால்ட்டும் ஒன்றில்லை. நாற்பது முறை என்றால் எங்கோ ஒரு வயர் குலுங்கும்போது தொட்டுத் தொட்டு விடுகிறது என்று சந்தேகிக்கலாம். இப்போது இருப்பவை ஆக்டிவ், முன்பு வந்து போனவை இன்ஆக்டிவ் என்று தனித்தனியாகக் காட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரையை ஒரு போட்டோ எடுத்தால் வேலை முடிந்தது.

சில நிறுவனங்கள் இதே ஃபால்ட்டுக்குத் தங்கள் சொந்த எண்ணும் வைத்திருக்கும். கம்மின்ஸ் இன்ஜினில் எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 3 என்பது 144. எஃப்எம்ஐ 4 என்பது 145. எஃப்எம்ஐ 0 என்பது 151. அதனால் வெறுமனே "144 வருது" என்று யாராவது சொன்னால் எந்த இன்ஜின் என்று கேட்காமல் பதில் சொல்லாதீர்கள்.

படி 4: எஃப்எம்ஐயைப் படிப்பது

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதிதான் நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான். ஸ்பேனரை எடுப்பதா மீட்டரை எடுப்பதா என்று முடிவு செய்வது எஃப்எம்ஐதான்.

0, 1, 15, 16, 17, 18 என்று வந்தால் சென்சார் சொல்வதைக் கம்ப்யூட்டர் நம்புகிறது என்று அர்த்தம். 0, 16, 15 மூன்றும் அளவு மீறிப் போனது. இதில் 0 மிகக் கடுமை, 16 நடுத்தரம், 15 லேசு. 1, 18, 17 அதே வரிசையில் அளவுக்குக் கீழே போனது. எஸ்பிஎன் 110-உடன் எஃப்எம்ஐ 0, 16, 15 இவற்றில் ஒன்று வந்தால்தான் இன்ஜின் நிஜமாகவே சூடாகிறது. கூலன்ட் அளவு, ஃபேன், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் எல்லாம் அப்போது பார்க்க வேண்டியவை.

3, 4, 5, 6 என்றால் மின்சாரம் சம்பந்தப்பட்டது. 3 வோல்டேஜ் அதிகம், 4 வோல்டேஜ் குறைவு. 5 கரண்ட் குறைவு அல்லது சர்க்யூட் ஓப்பன், 6 கரண்ட் அதிகம் அல்லது எர்த் ஆகிவிட்டது. 3, 4 இரண்டும் பெரும்பாலும் சென்சார்களில் வரும். 5, 6 இரண்டும் இன்ஜெக்டர், சோலனாய்டு மாதிரி கரண்ட் இழுக்கும் பொருள்களில். எஸ்பிஎன் 653, எஃப்எம்ஐ 5 வந்தால் மூன்றாவது இன்ஜெக்டரை விலை கேட்பதற்கு முன் அதன் வயரையும் கனெக்டரையும் பாருங்கள்.

2 என்றால் அளவு தாறுமாறாக இருக்கிறது. 9 என்றால் வர வேண்டிய தகவல் நேரத்துக்கு வரவில்லை. 19 என்றால் வேறொரு கம்ப்யூட்டர் அனுப்பிய தகவலே தவறு. இங்கே புகார் சொல்பவரை விட்டுவிட்டு, தகவல் அனுப்பியவரைப் போய்ப் பார்க்க வேண்டும். 7 என்றால் இயந்திர பாகம் சொன்னபடி நகரவில்லை, ஏதோ இறுகிவிட்டது அல்லது கழன்றுவிட்டது. 11, 31 இரண்டுக்கும் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

படி 5: எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 3 ஃபால்ட்டைச் சோதிப்பது

இப்போது நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். வழக்கமான கூலன்ட் சென்சாரில் இரண்டு வயர்கள்தான். ஒன்று சிக்னல், அதில் கம்ப்யூட்டர் தன் உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுக்கும். மற்றது ரிட்டர்ன். சென்சார் சூடாகச் சூடாக அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், சிக்னல் வோல்டேஜும் இறங்கும். எங்காவது வயர் அறுந்தால் வோல்டேஜ் இறங்க வழியில்லை, 5 வோல்ட்டை ஒட்டி நிற்கும், எஃப்எம்ஐ 3 வரும். சிக்னல் வயர் எர்த்தில் உரசினால் பூஜ்யத்துக்கு வந்துவிடும், எஃப்எம்ஐ 4 வரும்.

இது புரிந்தால் சோதனை எளிது. சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். முதலில் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, ஈரமா, பின் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; பாதி ஃபால்ட் இங்கேயே முடிந்துவிடும். அப்புறம் சாவி ஆனில், கனெக்டரின் இரண்டு பின்களையும் ஒரு சிறு ஜம்பர் வயரால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். எஃப்எம்ஐ 3 போய் 4 வந்தால் வயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன, சென்சாரோ கனெக்டரின் பிடிப்போதான் பிரச்சினை. 3 அசையவே இல்லை என்றால் சென்சார் மேல் பழி போடாதீர்கள். அங்கிருந்து கம்ப்யூட்டர் வரை எங்கோ வயர் அறுந்திருக்கலாம்.

எஃப்எம்ஐ 4 வந்திருந்தால் இதன் தலைகீழ், ஜம்பர்கூட வேண்டாம். கனெக்டரைக் கழற்றியதும் 4 மாறி 3 ஆனால் சென்சார் உள்ளே ஷார்ட். மாறாவிட்டால் வயர் எங்கோ உரசுகிறது.

இந்த ஜம்பர் வித்தை இரண்டு வயர் வெப்பநிலை சென்சார்களுக்கு மட்டும். பிரஷர் சென்சார்களில் மூன்று வயர்கள் இருக்கும், ஒன்றில் நேரடி 5 வோல்ட் சப்ளை வரும், அங்கே கண்டபடி இணைத்தால் புதிய ஃபால்ட்டை நீங்களே உருவாக்குவீர்கள். மீட்டர் முனையைப் பின்னுக்குள் திணிப்பதும் வேண்டாம், பின் விரிந்துவிட்டால் அப்புறம் பிடிக்காது.

படி 6: பத்து கோடுகள் சேர்ந்து வந்தால்

பத்துப் பாகங்கள் ஒரே நாளில் கெடாது. பொதுவாக இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். முதலில் எஸ்பிஎன் 168 பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி வோல்டேஜ் சரிந்தால் கம்ப்யூட்டர்கள் ஒன்றன் மேல் ஒன்று புகார் சொல்லும். பேட்டரி டெர்மினல், எர்த் வயர் இரண்டையும் சரிசெய்தாலே பாதிப் பட்டியல் காணாமல் போகலாம்.

அடுத்து 3509, 3510, 3511. இவை சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளைகள். இவற்றில் ஒன்று எஃப்எம்ஐ 4 காட்டி, கூடவே பல பிரஷர் சென்சார்களும் எஃப்எம்ஐ 4 காட்டினால், ஒரு சென்சார் ஷார்ட் ஆகி எல்லோருடைய சப்ளையையும் இழுத்துக்கொண்டிருக்கலாம். சப்ளை வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். 0.4 வோல்ட் என்று நின்றுகொண்டிருந்த மீட்டர் எதைக் கழற்றும்போது சட்டென்று 5-க்கு ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் ஏறவில்லை என்றால் வயரிங்கில் தேடுங்கள்.

மூன்றாவது, எஸ்பிஎன் 639 அல்லது பல இடங்களில் எஃப்எம்ஐ 9. கம்ப்யூட்டர்களுக்கு இடையே பேச்சு அறுந்திருக்கிறது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு 9 பின் சாக்கெட்டில் சி, டி பின்களுக்கு இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். லைனின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் இல்லை அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், பிறகு மாட்டிய டிராக்கர் மாதிரி கருவிகளைச் சந்தேகியுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

படி 7: புகை சுத்திகரிப்புக் கோடுகள்

புதிய வண்டிகளில் அதிகம் தலைவலி தருவது இதுதான், ஆனால் இதை முழுதாக எழுத இன்னொரு பதிவு வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும். எஸ்பிஎன் 5246, எஸ்பிஎன் 1569 இரண்டும் காரணங்கள் இல்லை, தண்டனைகள். வேறு ஏதோ ஃபால்ட் இருப்பதால் கம்ப்யூட்டர் இன்ஜினின் இழுவையைக் குறைத்திருக்கிறது என்றுதான் அவை சொல்கின்றன, அவற்றைத் துரத்திப் போய்ப் பயனில்லை. கூட வந்திருப்பதைப் பாருங்கள். எஸ்பிஎன் 1761 என்றால் டிஇஎஃப் (புகையைச் சுத்திகரிக்கத் தெளிக்கும் யூரியாக் கரைசல்) டேங்க் அளவு. எஃப்எம்ஐ 17 அல்லது 18 வந்தால் டேங்கை நிரப்பினாலே போதும். எஸ்பிஎன் 3719, எஃப்எம்ஐ 16 என்றால் புகை ஃபில்டரில் கரி சேர்ந்துவிட்டது, வண்டியை நிறுத்தி வைத்து ரீஜெனரேஷன், அதாவது அந்தக் கரியை எரித்து நீக்கும் வேலை, செய்ய வேண்டும். எஸ்பிஎன் 4364, எஃப்எம்ஐ 18 என்றால் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு (நாக்ஸ்) போதுமான அளவு குறையவில்லை. டிஇஎஃப் தரம், தெளிக்கும் நாசிலில் படிந்த வெள்ளைப் படிகம், எக்ஸாஸ்ட் கசிவு எல்லாம் பார்த்த பிறகுதான் விலை அதிகமான நாக்ஸ் சென்சாருக்குப் போக வேண்டும்.

படி 8: அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது

வேலை முடிந்த பிறகுதான் கோடுகளை அழிக்க வேண்டும். முன்பே அழித்தால் ஃபால்ட் வந்த நேரத்தில் இன்ஜின் வேகம், லோடு, வெப்பநிலை எவ்வளவு இருந்தன என்ற பதிவும் சேர்ந்தே போய்விடும். கோளாறு இன்னும் இருந்தால் அழித்தாலும் உடனே திரும்பி வரும். சுத்திகரிப்புக் கோடுகள் சில வண்டி நன்றாகச் சூடாகி, லோடில் ஓடி, கம்ப்யூட்டர் தன் சோதனையை முடித்தால்தான் ஆக்டிவ் பட்டியலிலிருந்து நகரும், அதனால் ஷெட்டில் நிறுத்தி வைத்து மறுபடி மறுபடி அழித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஓட்டிவிட்டு வந்து முன்பு எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். அதே எஸ்பிஎன், அதே எஃப்எம்ஐ என்றால் தொட்ட இடம் தவறு, படி 5-க்குத் திரும்புங்கள். அதே எஸ்பிஎன், ஆனால் எஃப்எம்ஐ மாறி, 3 இருந்த இடத்தில் 4 வந்திருந்தால், சற்று முன் நீங்கள் கைவைத்த கனெக்டரையும் வயரையும் மறுபடி கழற்றிப் பாருங்கள்; பின் வளைந்திருக்கும், இல்லை வயர் ஏதாவது கிளாம்பில் நசுங்கியிருக்கும்.