வாய் நாற்றம் எங்கிருந்து வருகிறது? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

வாய் நாறினால் உடனே வயிற்றின் மேல் பழி போடுகிறோம். பெரும்பாலானோருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. எதையும் வாங்குமுன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

தூக்கத்தில் எச்சில் குறைவதால் காலையில் எல்லோருக்கும் வாய் நாறும். அதனால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பதில் பயனில்லை, நம் வாடைக்கு நம் மூக்கு பழகிப்போயிருக்கும். ஸ்பூனைக் கவிழ்த்து அடிநாக்கை மெல்ல வழித்து, சில நொடி காயவிட்டு முகருங்கள். அடுத்து கடைவாய்ப் பற்களின் இடுக்கில் ஃப்ளாஸ் நூலை விட்டெடுத்து அதையும் முகருங்கள். கடைசியாக, வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சுவிட்டு வீட்டில் ஒருவரை முகர்ந்து சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்பூன் நாறினால் காரணம் நாக்குதான். பலருக்கு இதுவே விடை. அடிநாக்கின் மடிப்புகளில் காற்றுப்படாமல் வாழும் பாக்டீரியாக்கள், உணவுத் துணுக்கிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை வாடை அதுதான். டங் கிளீனரை எட்டும் அளவுக்குப் பின்னால் வைத்து முன்னோக்கி நான்கைந்து முறை இழுங்கள், ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். பலர் நுனியை மட்டும் வழிக்கிறார்கள், அங்கே படிவு குறைவு. குமட்டினால் மூச்சை வெளியே விட்டபடி வழியுங்கள். ரத்தம் வந்தால் அழுத்தம் அதிகம். இரவிலும் செய்வது அவசியம்.

நூல் நாறினால், அதில் ரத்தமும் தெரிந்தால், ஈறு நோயாக இருக்கலாம். பல்லில் படிந்து கெட்டிப்பட்ட காரை பிரஷுக்குப் போகாது, பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் (கருவியால் காரையைச் சுரண்டி எடுப்பது) செய்யவேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். பல்லை ஆட வைப்பது எலும்பை அரிக்கும் ஈறு நோய்தான். ஒரே இடுக்கு மட்டும் நாறினால் சொத்தையையோ, பல்லுக்கு மேல் உறையாகப் போட்ட கேப்பின் விளிம்பையோ பார்க்கச் சொல்லுங்கள்.

மூக்கு வழி மூச்சு மட்டும் நாறினால் சைனஸ் சீழ் காரணமாகலாம். குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் மணியோ கடலையோ சிக்கியிருக்கலாம். குச்சியால் நோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சில ஒவ்வாமை, ரத்த அழுத்த, மனச்சோர்வு மாத்திரைகள் எச்சிலை வற்றவைக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் செட்டை இரவில் கழற்றித் தேய்த்து, தண்ணீரில் போட்டு வையுங்கள். பூண்டு வாடை ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகவும் வருவதால் பல் தேய்த்தாலும் முழுதாகப் போகாது, தானாகக் குறையும். ஏலக்காயும் கிராம்பும் வாடையை மறைக்கும், அவ்வளவுதான்.

மருத்துவர் 0.2% குளோர்ஹெக்சிடின் (கிருமியைக் கொல்லும் வாய் கொப்பளிக்கும் மருந்து) எழுதிக் கொடுத்தால் 10 மி.லி. எடுத்து ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். பேஸ்ட் அதன் வீரியத்தைக் குறைக்கும் என்பதால் பல் தேய்த்து அரைமணி நேரம் கழித்தே செய்யுங்கள். சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழுத்த பழ வாடை வந்து, வாந்தியோ மேல்மூச்சோ சேர்ந்தால் அது பல் விஷயமே அல்ல. உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.