அசையும் ஆளை வரைவது எப்படி: சிவாஜி பார்க்கிலிருந்து மாட்டுங்கா டான்ஸ் கிளாஸ் வரை

ஓடுகிற ஆளை வரைய உட்கார்ந்தால் முதல் கோடு போடுவதற்குள் ஆள் போய்விடுவார். இதற்குக் கையை வேகமாக ஓட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலைக்கு ஆகாது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் வழி, மும்பையில் அப்படிப்பட்ட ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. சிவாஜி பார்க்கில் நெட்டில் பந்து போடுகிற பையன்கள், அங்கேயே மல்லர்கம்பம் (கம்பத்தில் ஏறிச் செய்கிற வித்தை) பழகுகிறவர்கள், விடியற்காலையில் தாதர் பூ மார்க்கெட்டில் தலைச்சுமையோடு போகிறவர்கள்.

கையில் ஒரு 4பி பென்சில் அல்லது பால்பாயிண்ட் பேனா, கிளிப்போர்டில் ஒரு கட்டு மலிவான தாள், அவ்வளவு போதும். விலை உயர்ந்த ஸ்கெட்ச்புக்கைத் திறந்தால் நன்றாக வரையவேண்டுமே என்று கை கூசும். ரப்பர் வீட்டிலேயே இருக்கட்டும்.

வெளியே கிளம்புமுன் வீட்டில் யாரையாவது சும்மா நிற்கச் சொல்லிப் பாருங்கள். எடையை ஒற்றைக் காலில் போட்டு நின்றால் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும், தொண்டைக்குழியிலிருந்து ஒரு தூக்குநூல் (நுனியில் எடை கட்டிய நூல்) விட்டால் அது எடை தாங்குகிற பாதத்தின் பக்கம் போய் நிற்கும். சிலை செய்கிற ஸ்தபதிகளும் இப்படி நூல் பிடித்துத்தான் சிலையை நிறுத்துகிறார்கள். நடராஜரைப் பாருங்கள், அத்தனை கையும் காலும் வீசியும் மொத்த பாரமும் காலடியில் கிடக்கிற அசுரன் முயலகன் மேல் ஊன்றிய வலது காலில்தான் நிற்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் இந்த நூல் பாதத்தைத் தாண்டி முன்னால் போய்விடும், அடுத்த கால் ஓடிவந்து தாங்கும். ஆகவே படத்தில் நூல் பாதத்துக்குள்ளேயே விழுந்தால், நீங்கள் எவ்வளவு அழகாகக் காலைத் தூக்கி வரைந்தாலும் அந்த ஆள் நின்றுகொண்டுதான் இருப்பார்.

இப்போது சிவாஜி பார்க். வலதுகை வேகப்பந்து போடுகிற ஒரு பையனைத் தேர்ந்தெடுத்து ஒரு அரைமணி நேரம் அவனை மட்டுமே பாருங்கள். தாளில் நான்கு இடம் ஒதுக்குங்கள்: ஓடிவருவது, எகிறுவது, இடது கால் தரையில் ஊன்றுவது, பந்து போன பிறகு உடம்பு முன்னால் சாய்வது. அவன் ஒவ்வொரு முறை வரும்போதும் ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்து, கண்ணை ஒரு கணம் மூடி, தலையிலிருந்து ஊன்றிய கால்வரை ஒரே வளைகோடு போடுங்கள். அப்புறம் அவன் பந்தை வாங்கிக்கொண்டு திரும்ப நடந்து போகிற நேரத்தில் தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. மூன்றாவது கட்டத்தை உன்னிப்பாகப் பாருங்கள்: இடது கை கீழே இழுபடுகிறது, வலது கை காதை ஒட்டி மேலே வருகிறது, ஊன்றிய காலில் மேல் உடம்பு மொத்தமும் இடப்பக்கம் சாய்கிறது. முகம், விரல், ஷூ லேஸ் எல்லாம் கடைசியில்தான், இல்லாமலே போனாலும் நஷ்டமில்லை.

தலைச்சுமைக்காரர் வேறு ரகம். கழுத்தும் முதுகும் ஆடாது, அசைவு எல்லாம் இடுப்புக்குக் கீழே, காலடிகள் சின்னச் சின்னதாக, வேகமாக. அங்கே வளைகோடு தேடாதீர்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடச் சிறந்த பள்ளிக்கூடம் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நடக்கிற பரதநாட்டிய வகுப்புதான். அடவை, அதாவது அடிப்படை ஆட்ட அசைவை, மூன்று காலத்திலும் (மெதுவாக, வேகமாக, இன்னும் வேகமாக) செய்வார்கள், அதனால் முதல் காலத்தில் நிதானமாகப் பார்த்து வைத்துக்கொண்டதை மூன்றாம் காலத்தில் சரிபார்க்கலாம், காசு கொடுத்து மாடல் வைத்தாலும் இந்த வசதி கிடைக்காது. நாட்டடவு என்கிற அடவில் ஒரு கால் நீண்டு குதிகால் தரையைத் தொடும்போது மற்ற கால் அரைமண்டியில் (முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில்) எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பாருங்கள், அந்த முட்டியிலிருந்துதான் முதல் கோடு தொடங்கவேண்டும். டீச்சரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடமும். போட்டோ எடுக்கக் கூடாது என்றால் எடுக்கவே கூடாது.

துணி மடிப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: மடிப்புகள் இழுபடுகிற இடத்திலிருந்து, அதாவது தோள், முழங்கை, முட்டியிலிருந்து கிளம்பும். அந்த இரண்டு மூன்றைப் போட்டால் போதும், மற்றதை விட்டுவிடுங்கள்.

போனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பார்க்கலாமா? வரைந்து முடித்த பிறகு, சரிபார்க்க மட்டும். கண் ஏமாறும் என்பது உண்மைதான். குதிரை பாயும்போது கால்களை முன்னும் பின்னும் நீட்டித்தான் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்தார்கள். 1878-ல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்கிற புகைப்படக்காரர் வரிசையாகக் காமிராக்களை வைத்துப் படம் பிடித்த பிறகுதான், நான்கு குளம்பும் தரையை விட்டு எழுவது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும்போது என்று தெரிந்தது. ஆனால் வீடியோவை நிறுத்தி அப்படியே காப்பியடித்தால் ஆள் அந்தரத்தில் தொங்குவது போல இருக்கும். அசைவின் உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ இருக்கிற ஃப்ரேமைப் பாருங்கள், ஓட்டம் அங்கேதான் தெரியும்.

யாராவது வந்து எட்டிப் பார்த்தால் தாளை மறைக்காமல் காட்டிவிடுங்கள், பாதிப் பேர் உடனே இன்னொரு தடவை செய்து காட்டுவார்கள். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் மைதானம் சேறாகிவிடும், அந்த நான்கு மாதத்துக்கு டான்ஸ் கிளாஸை வைத்துக்கொள்ளுங்கள்.