மூன்று அங்கக் கட்டமைப்பு: துண்டுத் தாளில் இரண்டு வாக்கியங்கள்

கதை எழுத உட்காருபவர்கள் பலரும் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். அதைத் தள்ளி வையுங்கள். கதையைத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று பெரும் பகுதிகளாக, அதாவது அங்கங்களாக, எண்ணிக்கொள்ளுங்கள். துண்டுத் தாள் ஒன்றில் இரண்டு வாக்கியங்கள் மட்டும் எழுதுங்கள்: முதல் அங்கம் எதில் முடிகிறது, இரண்டாம் அங்கம் எதில் முடிகிறது.

சிலப்பதிகாரத்தை வைத்துப் பார்ப்போம். புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டங்கள் இருப்பதால் அவையே மூன்று அங்கங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். காண்டம் ஊரை வைத்துப் பிரித்தது. அங்கம் திருப்பத்தை வைத்துப் பிரிவது.

முதல் வாக்கியம்: பாத்திரம் பழைய வாழ்க்கையை விட்டுக் கிளம்பும் இடம். சிலப்பதிகாரத்தில் இது 9ஆம் காதையில், அதாவது அத்தியாயத்தில், வருகிறது. மாதவியைப் பிரிந்து, குலம் சேர்த்த பொருளையும் தொலைத்து வீடு வந்த கோவலன் வறுமை நாணம் தருகிறது என்கிறான். கண்ணகி முகத்தில் சிரிப்புடன் ‘சிலம்புள கொண்ம்’ (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்கிறாள். அந்தச் சிலம்பையே முதலாக வைத்து மதுரையில் பிழைக்கலாம் என்று விடியுமுன் இருவரும் புறப்படுகிறார்கள். இரண்டே சொல், கதை ஊரை விட்டுக் கிளம்பிவிட்டது.

இரண்டாம் வாக்கியம்: எல்லாம் கைவிட்டுப் போகும் இடம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் கண்ணிலேயே கோவலனின் சிலம்பு படுகிறது. திருட்டுப் பழி சுமந்த கோவலன் 16ஆம் காதையில் வெட்டுண்டு விழுகிறான். ‘இவர்கள் பிழைப்பார்களா?’ என்ற கேள்வி அங்கே செத்து, ‘நீதி கிடைக்குமா?’ என்பது பிறக்கிறது.

இனி நடுப்பகுதி. பலருக்கும் தொய்வது இதுதான். புதிய பாத்திரங்களைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். முதல் அங்கத்தில் வைத்த பொருளையே எடுத்து இறுக்குங்கள். பிழைக்க வழியாக வந்த சிலம்பு கழுத்துக்குக் கத்தியாகிறது அல்லவா?

மூன்றாம் அங்கம் புதுக் கேள்விக்கு விடை. அதுவும் அதே பொருளின் வழியே வருகிறது. தன் அரசியின் சிலம்பில் உள்ளே ஒலிக்கும் பரல் முத்து என்கிறான் பாண்டியன். கோவலனிடம் பறித்த சிலம்பைக் கண்ணகி உடைக்க, மாணிக்கப் பரல் அவன் முகத்தருகே தெறிக்கிறது.

பக்கக் கணக்கு கேட்பீர்கள். திரைக்கதை எழுதக் கற்றுத்தந்த அமெரிக்கர் சிட் ஃபீல்டு 1979இல் சொன்னது 120 பக்கத் திரைக்கதைக்கு 30, 60, 30. சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் திருப்பங்கள் 9இலும் 16இலும் விழுகின்றன. மூன்றாம் அங்கமே ஏறக்குறையப் பாதி. அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகத் துண்டுத் தாளைப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் உள்ள ஏதோ ஒன்றால்தான் இரண்டாவது நிகழ்கிறதா? இல்லையென்றால் முதல் வாக்கியத்தைத் திருத்துங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள்.