விருந்துக்கு முன் மேஜை விரிப்பை அல்ல, பல்பை மாற்றுங்கள்

வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள் என்றதும் புது விரிப்பும் தட்டும் வாங்கத் தோன்றும். அதைவிட முக்கியம் வெளிச்சம். பல வீடுகளில் சாப்பிடும் இடத்தில் எரிவது 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்.இ.டி. அந்த நீலம் கலந்த ஒளியில் வத்தக்குழம்புகூட வெளிறித் தெரியும். மஞ்சள் கலந்த ஒளிக்கு, டப்பாவில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கான, 100 வரை போகும் மதிப்பெண்) 90க்கு மேல் இருந்தால் உணவின் நிறம் நிறமாகவே தெரியும். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

தொங்கும் விளக்கின் அடிப்பகுதி மேஜையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ரொம்ப ஏற்றிக் கட்டினால் பல்பு கண்ணில் குத்தும். மேஜைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் இருக்கிறதா? தொங்கும் விளக்கை விட்டுவிட்டு, சுவர் விளக்கு இரண்டு போடுங்கள். ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு வந்தால் நிழல் வெட்டி வெட்டி விழும், நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

நடுவில் ஒரு சின்ன உருளி போதும். இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றி, காம்பை ஒட்ட நறுக்கிய சாமந்தியை மிதக்கவிடுங்கள். எதிரில் இருப்பவர் முகம் மறைக்காது. மல்லிகை மட்டும் மேஜையில் வேண்டாம், அதன் மணம் சாப்பாட்டு வாசனையை அமுக்கிவிடும். வாசலில் வையுங்கள்.

ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் விடுங்கள். நாற்காலிக்குப் பின்னால் 90 செ.மீ. இல்லையென்றால் பரிமாறுகிறவர் போக வர முடியாது.