சோப்புக்குப் பதில் பயத்தமாவு

முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறதா? சாதாரண சோப்பின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 9, 10 வரை போகும். நம் தோலுக்கோ 5.5ஐ ஒட்டித்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயத்தமாவுக்கு மாறிப் பாருங்கள்.

கால் கிலோ பச்சைப்பயறை வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் நைசாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்கச் சோம்பல்பட்டால் கொரகொரப்பு முகத்தைக் கீறிவிடும். ஒரு ஸ்பூன் மாவைத் தயிரில் குழைத்துப் பூசி, காய்ந்து இறுகுவதற்குள் கழுவிவிடுங்கள். மஞ்சள் சேர்ப்பதென்றால் கஸ்தூரி மஞ்சள்தான். சமையல் மஞ்சள் கறை விடும், மறுநாள் ஆபீசில் எல்லோரும் விசாரிப்பார்கள்!

எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும்.

முதல் தடவை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடுங்கள்.