டிரிம் போட்டும் போகாத இடைவெளி

இணையப் பக்கத்திலிருந்து எக்செல்லில் ஒட்டிய பெயர்கள் பார்வைக்குச் சரியாகவே இருக்கும், ஆனால் விலுக்அப் (VLOOKUP, பட்டியலில் தேடி எடுக்கும் சூத்திரம்) போட்டுத் தேடினால் கிடைக்காது. டிரிம் (TRIM, தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் சூத்திரம்) போட்டும் பயனில்லையா? லென் (LEN, எழுத்துகளை எண்ணிச் சொல்லும் சூத்திரம்) போட்டுப் பாருங்கள். ‘கவிதா’வுக்கு 5 வர வேண்டும் (துணைக்கால், கொம்பு எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும்). 6 வந்தால் பெரும்பாலும் 160 என்ற குறியீட்டு எண் கொண்ட வேறு வகை இடைவெளி ஒட்டியிருக்கிறது. டிரிம் நீக்குவது 32 என்ற சாதாரண இடைவெளியை மட்டும்தான்.

அந்தப் பெயர்கள் உள்ள நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் + எச் அழுத்துங்கள். தேடும் பெட்டியில் ஆல்ட் விசையைப் பிடித்தபடி வலப்பக்க எண் விசைகளில் 0160 தட்டுங்கள். பெட்டி காலியாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். மாற்றும் பெட்டியில் ஒரேயொரு ஸ்பேஸ் கொடுங்கள். அதை வெறுமையாக விட்டால் பெயரும் இனிஷியலும் ஒட்டிக்கொள்ளும். ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்துவிட்டு, அப்புறம் டிரிம் போடுங்கள். இப்போது லென் 5 காட்டும்.