பிளேட்லெட் குறைந்த பிள்ளையின் காலையும் அளந்து பாருங்கள்

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயதில் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் அணு, இறங்கியது. அவள் உடம்பே அதை எதிரியென்று அழிக்கிறதாம். அன்றிலிருந்து ஈறில் ரத்தமா, தோலில் சிவப்புப் புள்ளியா என்று கசிவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் இடது கால் கனக்கிறது என்றாள். சுளுக்கு என்று மாமியார் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். மறுநாள் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால், தொடை ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து நிற்கிறது.

பிளேட்லெட் குறைவு என்றால் உறையாது என்றுதானே நினைப்போம்? இந்தப் பிள்ளைகள் சிலருக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் என்கிற எதிர்ப்பொருளும் இருக்கும். சோதனைக் குழாயில் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் அதுவே உடம்புக்குள் உறைய வைக்கும். 12 வாரம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்துத்தான் உறுதி சொல்கிறார்கள். சிவப்பணு உடைகிற வகை நோயிலும் இந்த ஆபத்து உண்டு.

சரி, வீட்டில் என்ன செய்வது? முட்டிக்குக் கீழே இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் பேனாவால் புள்ளி வைத்து, இன்ச் டேப்பால் சுற்றளவு எடுத்து, ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டிலேயே தேதியோடு குறிக்கிறேன். ஒரு கால் மட்டும் பருத்தாலோ, சுட்டாலோ, நிறம் மாறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அளவு சரியாக இருந்தும் பிள்ளை வலிக்கிறது என்றால் டேப்பை நம்பாதீர்கள், பிள்ளையை நம்புங்கள். நீவவே கூடாது.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வாந்தியோடு விடாத தலைவலி, வாய் கோணுதல் என்றால் உடனே 108. விடியட்டும் என்று இருக்காதீர்கள்; பாம்பன் பாலத்தில் ஒரு லாரி நின்றால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபாரின் ஊசியைத் தோலுக்கடியில், இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. பிளேட்லெட் 50 ஆயிரத்துக்குக் கீழே போனால், போடுவதற்கு முன் போன் செய்யச் சொல்லியிருக்கிறார் எங்கள் டாக்டர். உங்கள் பிள்ளைக்கு எந்த பிளேட்லெட் அளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டும். பிளேட்லெட் குறைவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அப்புறம், அந்த ஊசி உறைந்துபோகக் கூடாது. கொழுந்தன் நல்ல எண்ணத்தில் மீன் ஐஸ் பெட்டிக்குள் வைக்கப் போனார். பிடுங்கிக்கொண்டேன்.